ராஜாவைத் தூக்கிப் போட்டேன்

1996 ஆகஸ்ட் 12, திங்கள்

கப்பல் வேலையை விட்டு வந்துவிட்ட தம்பி, அங்கே கற்ற சீட்டாட்டத்தை எனக்குச் சொல்லித் தந்தான். ஐந்து சீட்டு. வேண்டாததை ஒருமுறை மாற்றலாம். ஜோடியும் வரிசையும் சேராமல், சின்னச் சீட்டாக வைத்திருப்பவருக்கே வெற்றி; ஆஸ் பெரிய சீட்டு. ரம்மிப் பழக்கத்தில் ஜோடியை விடாமல் தோற்றுக்கொண்டே இருந்தேன்.

“பெரிய சீட்டத் தூக்கிப் போடுக்கா.”

“நான் ஜெயிச்சா, வேலைய விட்டத அப்பாகிட்ட இன்னைக்கே சொல்லணும்லே.”

தயங்கித்தான் சரி என்றான். அம்பாசமுத்திரம் முழுக்க அவன் கப்பலைப் பற்றியே பேசுகிறவர் அப்பா.

2, 3, 4, 7, ஒரு ராஜா. மனசில்லாமல் ராஜாவைப் போட்டேன். 5 வந்தது! அதைவிட நல்ல கை இந்த ஆட்டத்திலேயே கிடையாதாம். பொடிச் சீட்டுகளுக்கு இத்தனை பலமா!

அப்போதே எழுந்துபோய்ச் சொல்லிவிட்டான்.

“சாப்பிட்டியாலே?” என்று மட்டும் கேட்டார் அப்பா.