புல் முளைக்காத தரை

மச்சான்,

இன்று காலை லோரிக்காரர் நம் லயத்து வீட்டு வரிசைக்கு எதிரே நனைந்த தார்ப்பாயை விரித்துக் காயப் போட்டுவிட்டுப் போனார். வெயில் ஏற ஏற அதிலிருந்து ஒரு நாற்றம் கிளம்பியது. தாரும் பாசியும் பழைய மழையும் சேர்ந்த நாற்றம். கஞ்சிச் சட்டியோடு வெளியே வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். உங்கள் தங்கை பாக்கியம், "என்ன, பேய் அடிச்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள். "உங்க அண்ணன் வந்துட்டுப் போறாரு" என்றேன். வழக்கமாக நான் இப்படி ஏதாவது சொன்னால் கரண்டி பறந்து வரும். இன்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீங்கள் போய் இருபத்தொரு நாள் ஆகிறது. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது என்பது உங்களுக்குத் தெரியும். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பிலேயே வாத்தியார், "உனக்கு வாய் இருக்கு, அதை வச்சே பொழைச்சுக்குவ" என்று அனுப்பிவிட்டார். அவர் சொன்னபடியே பிழைத்தேன். அந்த வாயால் வந்த வினைதான் இதெல்லாம். அதனால் இந்தத் தடவை வாயை நம்பாமல் பென்சிலை நம்பிப் பார்க்கிறேன். பிழை இருந்தால் அங்கே யாராவது படித்த ஆளாகப் பார்த்துத் திருத்திக் கொள்ளுங்கள்.

பத்து வருடத்துக்கு முன் வந்த அந்த வேலை விஷயம் தோட்டத்தில் நாலு பேருக்குத்தான் தெரியும். நீங்கள், உங்கள் சம்சாரம் மாரியாயி அக்கா, பாக்கியம், நான். டவுனுக்குக் குழாயில் தண்ணீர் அனுப்பும் ஏரியில் காவல்காரர் வேலை. இரண்டு அறை வீடு, மாதச் சம்பளம். விடியுமுன் வரிசையில் நின்று பெயர் கொடுக்கும் பெரட்டு கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய் நீங்களே கேட்டு வாங்கி வந்தீர்கள். தீபாவளி கழிந்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஏரி ஆபீஸில் வந்து நிற்க வேண்டும், வராவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று அங்கே இருந்த மேஸ்திரி சொல்லியிருந்தார். ஒரே முட்டுக்கட்டை அக்காதான். காட்டுக்குள் குடியிருந்தால் புலி வந்து உங்கள் மகள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று மூன்று நாள் அழுதாள்.

"ஏரியைப் பார்க்காமலே வேணாங்கிறா மாப்பிள்ளை. தீபாவளி லீவுல கூட்டிட்டுப் போய் அங்கேயே தங்க வைப்போம். பார்த்தா மனசு மாறும்" என்றீர்கள்.

"காட்டுல போய்த் துணியைக் கட்டிப் படுக்கிறது வெள்ளைக்காரன் செய்யற வேலை மச்சான். நமக்கு என்ன தலையெழுத்து?"

"வர்றீங்களா இல்லையா?"

"ஆட்டுக்கறி உண்டா?"

"கருவாடு உண்டு."

"அப்ப வர்றேன்."

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். உங்கள் சைக்கிளை அன்று பார்த்திருந்தால் சைக்கிள் செய்தவனே அடையாளம் கண்டிருக்க மாட்டான். பின்னால் தார்ப்பாய்ச் சுருட்டு, இரண்டு பக்கமும் அரிசியும் சட்டியும், எல்லாவற்றுக்கும் மேலே ஆறு வயதுப் பாப்பா. நீங்கள் தள்ள, நான் பின்னாலிருந்து பிடிக்க, குழாய்ப் பாதையிலேயே நடந்தோம். அட்டை கடித்ததென்று பெண்கள் நிற்பதும் உட்காருவதுமாகப் பின்தங்கிவிட்டார்கள். பாப்பாவும் இறங்கி அம்மாவிடம் ஓடிவிட்டாள். ஏரிக்கரைக்கு நாம் இரண்டு பேர்தான் முதலில் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே நடந்ததை நீங்களும் நானும் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை.

நீங்கள் கரைமேல் ஒரு மேட்டைக் காட்டினீர்கள். இடுப்பளவு லாலான் புல். நான் கீழே காட்டினேன். ஏரிக்குள் நாக்கு நீட்டியதுபோல் ஒரு தரை. புல் பூண்டு ஒன்றும் இல்லாமல், வாசல் பெருக்கியதுபோல் சுத்தமாகக் கிடந்தது. பதினைந்து வருடம் புல்வெட்டுக் கேங்கில் குனிந்தவன் நான். ஒரு புல் தலை நீட்டினாலும் துரை அரைநாள் பெயரை வெட்டிக் கூலியைக் கழிப்பார். அந்தக் கண்ணுக்கு, புல் இல்லாத தரையைப் போல நல்ல தரை உலகத்திலேயே இல்லை. மண்ணில் ஏன் புல் முளைக்கவில்லை என்று ஒரு விவசாயி கேட்டிருப்பான். தோட்டத்தான் கேட்க மாட்டான். யாரோ நன்றாக வெட்டியிருக்கிறான் என்றுதான் நினைப்பான்.

நீங்கள் மட்டும் கேட்டீர்கள். "அந்தப் பாறையில ஆள் உயரத்துக்குக் கோடு தெரியுது பாருங்க மாப்பிள்ளை. தண்ணி அங்கே வரைக்கும் வருமோ?"

"பாறைக்குச் சுண்ணாம்பு அடிச்சிருக்கான் மச்சான், தீபாவளிக்கு" என்றேன். "உங்களுக்கு லாலான் மேல என்ன அவ்வளவு ஆசை? லீவுலயும் என்னைப் புல்லு வெட்ட வச்சு அழகு பார்க்கணுமா?"

நீங்கள் சிரித்தீர்கள். சிரித்ததும் நான் ஜெயித்துவிட்டேன். நம் இருவருக்குள் எப்போதும் அப்படித்தானே. சைக்கிளைக் கீழே உருட்டினோம்.

பெண்கள் வந்து சேரும்போது தார்ப்பாயைக் கயிற்றில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். அக்கா தரையைப் பார்த்து, "பரவாயில்லையே, பூச்சி பொட்டு அண்டாத இடமா இருக்கே. யாரு பார்த்தது?" என்றாள். அவள் முகத்தில் மூன்று நாளைக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு வெளிச்சம். அதை உங்கள் பக்கம் திருப்பிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. "மச்சான்தான் பார்த்தாரு. நான் அந்த லாலான் மேட்டைச் சொன்னேன், திட்டிட்டாரு" என்றேன். நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினீர்கள். நல்லது செய்துவிட்டதாக எனக்கு அன்றைக்குச் சோறு இரண்டு பங்கு இறங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஒரு நாள் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. காலையில் எல்லோரும் மலை ஏறினோம். வேலைக்காக இல்லாமல், வெட்டவோ சீவவோ இல்லாமல், சும்மா மேலே போய்ப் பார்ப்பதற்காக ஒரு மலை ஏறினது அன்றுதான். பாதி வழியில் பாக்கியம், "எதுக்கு ஏறுறோம்?" என்றாள். "இறங்கறதுக்கு" என்றேன். உச்சியிலிருந்து முழு ஏரியும் தெரிந்தது. அக்கரையில் ஆபீஸ், அதன் பக்கத்தில் காவல்காரர் வீடு, வீட்டுக்குப் பின்னால் இரண்டு பப்பாளி மரம். அக்கா நெடுநேரம் பார்த்தாள்.

"இங்க இருந்தா பெரட்டு மணி கேக்காதுல்ல?" என்றாள்.

"கேக்காது."

"பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம்?"

"சைக்கிள்ல நானே கொண்டு போய் விடுவேன்."

இறங்கி வந்ததும் நீங்கள் ஏரிச் சுற்றுப் பாதையில் அவளைச் சைக்கிளில் வைத்து ஓட்டிக்கொண்டு போனீர்கள். அவள் கூச்சத்தில் முக்காட்டை இழுத்து முகத்தை மூடியிருந்தாள். "மச்சான், யாரோ வீட்டுப் பொண்ணைத் தூக்கிட்டுப் போறீங்க, கங்காணிகிட்ட சொல்லிடுவேன்" என்று கத்தினேன். திரும்பி வந்தபோது முக்காடு இல்லை. "பப்பாளிக்குப் பக்கத்துல கோழி வளர்க்கலாம்" என்றாள். மறுநாள் காலை உடுத்த நீங்கள் கொண்டு வந்த வெள்ளைச் சட்டையை அவளே எடுத்து, மடிப்புக் கலையாமல் தலைமாட்டில் வைத்தாள்.

அன்று பொழுது சாயும்போது மலைக்கு அந்தப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. நம் மேல் ஒரு துளி விழவில்லை. நிம்மதியாகப் படுத்தோம்.

விடியக்காலை பாக்கியம் கால் ஈரமாகி எழுந்தாள். நாக்கு போலிருந்த தரையின் அடிப்பாகம் காணோம். நாம் இருந்த நுனி மட்டும், நாலு பாய் விரிக்கும் அளவுக்கு, நடுத்தண்ணீரில் கிடந்தது. கரைக்கு ஐந்து மரத்துத் தூரம். நீங்கள் வெள்ளைச் சட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினீர்கள். மார்பு, கழுத்து, பிறகு தரை இல்லை. நம்மில் யாருக்கும் நீச்சல் தெரியாது. திரும்பி வந்தீர்கள். அக்கரையில் ஆபீஸ் கதவு திறப்பது தெரிந்தது. பாக்கியத்தின் சேலையைப் பிடித்து வீசினோம், கத்தினோம். அதற்குள் மழை நம்மிடமே வந்து, எதிர்க்கரையை மறைத்துவிட்டது.

அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "தங்கறதுக்கு ஒரு இடம் பார்க்கத் தெரியல. நீங்க ஏரிக்குக் காவல் இருக்கப் போறீங்களாக்கும்."

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. நான் உங்களைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊருக்கெல்லாம் வாய் கொடுக்கிற எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க நீங்கள் ஒரு குச்சியை நட்டு வைத்தீர்கள். மதியத்துக்குள் குச்சி முங்கிவிட்டது. இன்னொன்றை நட்டீர்கள். அப்புறம் சைக்கிளைச் சாய்த்து, இரண்டு சக்கரத்திலிருந்தும் டியூபை உருவிக் காற்றடித்து, மார்பைச் சுற்றிக் கட்டினீர்கள். "இன்னும் வேலை போயிருக்காது. சாயங்காலத்துக்குள்ள போய் நின்னா சொல்லிக்கலாம்" என்றீர்கள். என்னைத் தனியாகத் தண்ணீர் ஓரத்துக்கு அழைத்து, மெதுவாகக் கேட்டீர்கள்.

"நான் போனா இவங்க மூணு பேரையும் பார்த்துக்குவீங்கல்ல மாப்பிள்ளை?"

"போங்க மச்சான்" என்றுதான் சொல்ல நினைத்தேன். "எனக்குப் பயமா இருக்கு" என்று வந்தது.

நீங்கள் கிண்டல் செய்திருக்கலாம். அதற்குமேல் ஒரு சந்தர்ப்பம் உங்களுக்குக் கிடைத்திருக்காது. முடிச்சை அவிழ்த்து, காற்றை இறக்கி, டியூபைத் திரும்பவும் சக்கரத்துக்குள் திணிக்க ஆரம்பித்தீர்கள். அக்கா கேட்டதற்கு, "டியூப்பு தாங்காது போல" என்றீர்கள். அது தாங்கும். இரண்டு பேருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மதியம் வலை போட வந்த ஒரு மலாய்க்காரர்தான் நம்மைப் படகில் ஏற்றினார். "அலமாக்" என்று தலையில் கை வைத்தார். இது தரை இல்லை, ஏரியின் வயிறு, வெயில் காலத்தில் மட்டும் வெளியே தெரியும் என்று பாப்பாவுக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். நீங்கள் கசங்கிய வெள்ளைச் சட்டையோடு ஆபீஸுக்குள் போய், பாப்பா பத்து எண்ணுவதற்குள் வெளியே வந்தீர்கள். "நேத்து மத்தியானமே ஆள் வச்சுட்டாங்க. வாங்க, மிச்ச அரிசியைப் பொங்கிச் சாப்பிட்டுட்டு நடப்போம்." அவ்வளவுதான் சொன்னீர்கள்.

புதன்கிழமை பெரட்டில் கங்காணி நம் இரண்டு பேரையும் வெளியே இழுத்து நிறுத்தினார். லீவு திங்களோடு முடிந்துவிட்டதே, செவ்வாய்க்கிழமை ஏன் வரவில்லை, பேரை வெட்டட்டுமா என்றார். வேலை தேடிப் போன கதை தெரிந்தால் இருந்த வேலையும் போய்விடும். என் வாய் தானாகத் திறந்தது. "எங்க மச்சான் ஏரிக்குள்ள கூடாரம் போட்டுட்டாருங்க கங்காணி" என்றேன். சுண்ணாம்பு, லாலான், மலாய்க்காரர், எல்லாவற்றையும் ஆட்டி அசைத்துச் சொன்னேன். கங்காணி சிரித்தார், வரிசை முழுக்கச் சிரித்தது. "உண்மையாய்யா?" என்று உங்களைக் கேட்டார். "ஆமாங்க, இடம் பார்த்தது நான்தான்" என்றீர்கள். பெயர் வெட்டவில்லை.

அப்புறம் அந்தக் கதை என்னை விடவில்லை மச்சான். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, எங்கே போனாலும் அதைச் சொல் என்றார்கள். நானும் சொன்னேன். ரப்பர் விலை விழுந்து பாதிப் பேரைக் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பினபோதும், மிச்சம் இருந்தவர்களுக்குக் கூலியைக் குறைத்தபோதும் சொன்னேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் சிரிக்க வேண்டுமோ அந்த இடத்தில் சிரித்தீர்கள். அக்கா மட்டும் சிரிக்காமல் எழுந்து போய்விடுவாள். கடைசியில் அதே ரப்பர் மரங்களுக்கு நடுவில், மரம் சீவும் கத்தி கையிலிருக்க, ஒரு காலையில் சாய்ந்துவிட்டீர்கள்.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்தில், சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது பாப்பா வந்தாள். தாவணி போட்ட பெரிய பெண் இப்போது. அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "மாமா, அப்பா ஏரிக்குள்ள கூடாரம் போட்ட கதையைச் சொல்லுங்க" என்றாள். அக்கா சுவரைப் பார்த்தபடி, "அந்த மனுஷன் அன்னைக்கு ஒரு இடம் ஒழுங்கா பார்த்திருந்தா இன்னைக்கு உயிரோட இருந்திருப்பாரு" என்றாள்.

நான் எழுந்து நின்றேன். "அக்கா, இடம் பார்த்தது நான். மச்சான் மேட்டுலதான் போடணும்னாரு. நான்தான் கேலி பண்ணிக் கீழே இறக்குனேன்" என்றேன்.

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். "பாரு, இன்னைக்குக் கதையை மாத்திட்டாரு" என்றார் கங்காணி. பாக்கியம் என் வேட்டியைப் பிடித்து, "உக்காருங்க, துக்க வீட்டுலயுமா?" என்றாள். "சாமி சத்தியமா" என்றேன். சிரிப்பு இன்னும் கூடியது. இருபது வருடமாக ஒரு விஷயத்தையும் நேராகச் சொல்லாதவன் சத்தியம் செய்தால் வேறென்ன நடக்கும்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து என் பக்கத்தில் வந்தாள். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று குனிந்து நின்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "செத்தவருக்குக் கெட்ட பேரு வேணாம்னு நீங்க ஏத்துக்கிறீங்க. உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு தம்பி" என்று அழுதாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏதாவது செய்து அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். பாப்பாவிடமும் சொல்லி வைத்திருக்கிறாள், மாமாவைப்போல் நல்லவர் கிடையாது என்று. அந்தப் பெண் என்னைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறது மச்சான். உட்காரம்மா என்று சொல்கிறேன். உட்கார மாட்டேன் என்கிறது.