சாவிக்கும் ஆமெனுக்கும் நடுவே

ரிச்சர்ட்ஸ் டவுன்,
பெங்களூர்.
9.12.2001, ஞாயிறு மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். மஸ்கட்டில் நீங்களும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன். இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமில்லாததையும் விடமாட்டேன்.

வெள்ளிக்கிழமை போனில் கார் எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். அம்மா "நல்லா ஓடுது" என்றார்கள். ஓடும்போது நன்றாகத்தான் ஓடுகிறது. கிளம்புவதுதான் இல்லை.

மே மாதம் பழைய பெட்ரோல் பம்பை எடுத்துவிட்டு, அடுகோடி சந்திரன் அண்ணன் ஷெட்டில் கரண்ட்டில் ஓடும் புது பம்ப் போட்டீர்களே. வெயிலில் சிக்னலில் நின்றுபோகிற வண்டி அம்மா கையில் அப்படி நின்றுவிடக் கூடாது என்றுதான் போட்டீர்கள், எனக்குத் தெரியும். சிக்னலில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆனால் நீங்கள் விமானம் ஏறிய வாரத்திலிருந்தே காலையில் ஏழெட்டு முறை முக்கினால்தான் பிடிக்கிறது. சத்தம் கேட்டு எதிர்வீட்டு பவுலின் ஆன்ட்டி ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பார்கள். அது அம்மாவுக்கு இன்னும் கோபம். "நல்லா இருந்த வண்டியைக் கெடுத்து என் தலையில கட்டிட்டுப் போயிட்டார் உங்கப்பா" என்பார்கள். நீங்கள் ஓட்டிய இரண்டு வாரமும் முதல் தடவையிலேயே கிளம்பியதே என்று நான் ஒருநாள் சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்கவில்லை என்று நீங்கள் சொன்ன மறுநாள், அம்மா ஆபீஸில் கோவிந்தப்பா அங்கிளிடம் காரை விற்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். அவர் சந்தாபுராவில் வீடு கட்டியிருக்கிறார், தினமும் பஸ்ஸில் வந்துபோகக் கஷ்டமாம். ஒன்பதாம் தேதி வந்து ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னாராம். எனக்குப் பயமாகிவிட்டது. உங்கள் சட்டையெல்லாம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. கார் மட்டும்தான் நீங்கள் விட்ட இடத்திலேயே இருக்கிறது. பழுது சரியானால் அம்மா மனசு மாறலாம் என்று நினைத்தேன்.

அதனால் ஃபிசிக்ஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து நாள் குறித்து வைத்தேன். காலையில் எட்டு முறை, ஏழு, ஒன்பது, எட்டு, எட்டு. சாயங்காலம் என்னை ட்யூஷனில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போய்த் திரும்பும்போது எல்லா நாளும் ஒரே முறை. ரொம்ப நேரம் நின்றால் மட்டுமே தகராறு.

நோட்டைச் சந்திரன் அண்ணனிடம் காட்டினேன். அவர் ஏற்கெனவே பிளக் மாற்றி, பாட்டரி பார்த்து, எல்லாம் செய்தாகிவிட்டது. படித்துவிட்டு, "டாக்டர் ஃபைல் மாதிரி எழுதி வச்சிருக்கியே பாப்பா" என்று சிரித்தார். பிறகு பம்பிலிருந்து வரும் குழாயைக் கழற்றிப் பார்த்தார். பம்ப் நன்றாகவே இருக்கிறதாம். ஆனால் வண்டி நின்றதும் குழாயில் இருக்கும் பெட்ரோலை அது பிடித்து வைப்பதில்லை, விடிவதற்குள் எல்லாம் டேங்குக்கே திரும்பிப் போய்விடுகிறது. காலையில் மறுபடி அவ்வளவு தூரம் இழுத்து வர நேரம் வேண்டும். பெட்ரோல் திரும்பாமல் தடுக்க ஒரு வால்வ் போட வேண்டும், கிறிஸ்துமஸுக்கு அப்புறம்தான் கிடைக்கும் என்றார்.

நேரம் வேண்டும் என்று அவர் சொன்னதும் எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது அப்பா. நீங்கள் சாவியைப் பாதி திருப்புவீர்கள், மீட்டரில் சிவப்பு விளக்குகள் எரியும். உடனே கிளப்ப மாட்டீர்கள். ஸ்டியரிங்கில் கை வைத்துக் கண்ணை மூடிக் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை முழுசாகச் சொல்லி, ஆமென் சொன்ன பிறகுதான் மீதித் திருப்பு. பின்னால் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் வேகமாக ஆரம்பித்து, ஆமெனுக்குள் மெதுவாகிவிடும். பெட்ரோல் வந்து சேர்ந்த சத்தம் அதுதான். அம்மா ஒரே திருப்பாகத் திருப்புகிறார்கள். நீங்கள் போனதிலிருந்து அம்மா காரில் ஜெபிப்பதில்லை.

வியாழக்கிழமை காலையில் அம்மாவிடம் ஜெபித்துவிட்டுக் கிளப்பச் சொன்னேன். "ஜெபம் பண்ணா பெட்ரோல் வருமா? அப்போ உங்கப்பாவையும் வரவைக்கச் சொல்லு" என்றார்கள். நான் கெஞ்சினேன். சரி தொலை என்று பாதி திருப்பிவிட்டுக் காம்பவுண்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனசுக்குள் உங்கள் வேகத்தில் நான் சொன்னேன். சத்தம் மெதுவானது. ஒரே முறைதான், பிடித்துக்கொண்டது. அம்மா வண்டியை நகர்த்தவேயில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவர் ஒண்ணும் கெடுக்கலை" என்று மட்டும் சொன்னார்கள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

வெள்ளிக்கிழமை நான் கேட்காமலே பாதியில் நிறுத்தினார்கள். நேற்று உதடு அசைந்தது. அந்த அரை நிமிஷம்தான் அப்பா, நாள் முழுக்க அம்மா என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம்.

இன்று ஆராதனை முடிந்து பதினோரு மணிக்கு வந்து காரை நிறுத்தினோம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வருவதாகச் சொன்ன கோவிந்தப்பா அங்கிள் நாலு மணிக்குத்தான் வந்தார். ஐந்து மணி நேரம் நின்றிருந்த வண்டி, அதற்குள் குழாய் காலியாகியிருக்கும். அம்மா சாவியைக் கொடுத்தார்கள். அவர் ஒரே திருப்பாகத் திருப்பினார். பிடிக்கவில்லை. மறுபடி, மறுபடி. "ஏன் மேடம், பெட்ரோலே ஹாக்கில்வா?" என்று கன்னடத்தில் கிண்டல் செய்தார், பெட்ரோலே போடவில்லையா என்று. எப்படிக் கிளப்ப வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அம்மா என்னைப் பார்த்தார்கள், நான் அம்மாவைப் பார்த்தேன். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அவர் காபி குடித்துவிட்டு, "நோடோண மேடம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். பார்க்கலாம் என்றால் வேண்டாம் என்றுதான் அர்த்தமாம், அம்மா சொன்னார்கள். சொல்லும்போது ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தார்கள்.

கேட்காததைச் சொல்லாமல் இருப்பதும் பொய்தானா அப்பா? ஜெபத்தில் மன்னிப்புக் கேட்கப்போகிறேன். ஆனால் வருத்தப்படுகிறேன் என்று எழுதினால் அதுதான் பொய்.

வால்வ் வாங்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "அவர் போட்ட பம்ப், அவரே வந்து பார்க்கட்டும்" என்றார்கள். எனக்கும் இப்போதைக்கு வால்வ் வேண்டாம். அதைப் போட்டால் காத்திருக்கவே வேண்டியதில்லையே. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று போனில் சொல்லாமல் அம்மா பெயருக்கே ஒரு கடிதமாக எழுதுங்கள். வருகிற தேதியும் தெரிந்தால் எழுதுங்கள். ஒரு வருஷம் கழித்து என்றாலும் பரவாயில்லை, நோட்டில் குறித்துக்கொள்வேன்.

ஆண்டவர் உங்களைக் காத்து, எங்களிடம் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் அன்பு மகள்,
ரூபினி

பி.கு: கார் விளக்கை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மா இப்போதுதான் வெளியே போனார்கள். ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். அணைந்துதான் இருந்தது. ஆனால் உள்ளே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். சிவப்பு விளக்குகள் எரிகின்றன. டிக் டிக் சத்தம் இங்கே வரை கேட்கிறது, மெதுவாகிவிட்டது. அம்மா வண்டியைக் கிளப்பவில்லை. இப்போது விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.