பெண்ணாடத்து அய்யனார்

காடாம்புலியூர்
14.4.2024

அன்பு மக இளமதிக்கு அப்பா எழுதுறது. நான் நல்லா இருக்கேன். போனுல நீ கத்துனாலும் எங்காதுல ஏற மாட்டேங்குது, அதான் கடுதாசி.

ஒங்கம்மா வச்ச பலா இந்த வருசம் அடியிலேர்ந்தே காச்சிருக்கு. போன வாரம் ஒரு பழத்த சாக்குல கட்டிகிட்டு கடலூர் பஸ் ஏறுனேன். பழத்துக்கும் டிக்கெட்டு எடுன்னான் கண்டக்டரு. ‘அப்ப அதுக்கும் ஒரு சீட்டு குடுடா’ன்னேன். பஸ்ஸே சிரிச்சிது. கடலூர்ல சும்மா ஒரு வேலதான்.

முந்திரி மூட்ட தூக்குனதுல இடுப்பு வலி. அது கெடக்குது. ஆம்பளைங்களுக்கு அந்த எடத்துல வர்ற புத்துநோயத்தான் நீ ஆராய்ச்சி பண்றேன்னு எப்புடி வெளில சொல்றது? ஊர்ல கேட்டா ‘ரத்தம் சோதிக்கிற டாக்டரு’ங்கறேன். கோச்சிக்காத.

அப்பா
திருநாவுக்கரசு


சிதம்பரம்
29.4.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இடுப்புக்குத் தைலம் தேய்ங்க. மூட்ட தூக்காதீங்க. ரத்த டாக்டருன்னே சொல்லிக்குங்க, எனக்கென்ன!

கடலூர் ஆஸ்பத்திரியிலேர்ந்து எங்களுக்கு ஒருத்தரோட புராஸ்டேட் சதைத்துணுக்கு வந்துச்சு. மொகத்தத் திருப்பாம படிங்க. நல்ல சதைன்னா மைக்ராஸ்கோப்புல பலாச்சுளை மாதிரி தனித்தனியாத் தெரியும். இதுல சுளையே இல்ல, எல்லாம் சக்கை. இவ்வளவு தெளிவா நான் பாத்ததே இல்லப்பா. அழகுன்னுகூட சொல்லலாம். என் கட்டுரைக்கு மொதப் படமே இதுதான்.

வெளியில சொல்லக்கூடாது, ஒங்ககிட்ட சொல்றேன். பேரு அய்யனார், பெண்ணாடம். ரிப்போர்ட் வாங்க ஆளே வரல. இப்ப ஊசி போட்டா இன்னும் சில வருசம் நல்லா இருக்கலாம். தேடச் சொல்லியிருக்கேன்.

ஒங்க
இளமதி


காடாம்புலியூர்
6.5.2024

அன்பு மகளுக்கு,

மொதப் படம்னு எழுதியிருந்தத திரும்பத் திரும்பப் படிச்சேன். அதுல ஆளோட பேரு கீரு வராதுல்ல?

பெண்ணாடத்துல எவனத் தேடுவ? கரும்பாலைக்கு வர்ற லாரிக்காரன்லேர்ந்து பாதிப் பேருக்கு அய்யனாருதான் பேரு. எனக்குத் தெரிஞ்சே ஒருத்தன், கரும்பு திங்கறதுன்னா வண்டியவே நிறுத்திடுவான். சரி, அத உடு. பாவம், அந்தாளுக்குக் கூச்சமா இருந்திருக்கும். தேடாத. ஊசி போட்டுக்கலன்னா என்னாவும்? சும்மாதான் கேக்குறேன்.

தைலம் தேச்சேன், கேக்கல.

அப்பா
திருநாவுக்கரசு


கடலூர்
20.5.2024

அப்பா,

அய்யனாரத் தேடி நானே இங்க ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நர்ஸ் சௌந்தரம் அக்காவுக்கு ஆள நல்லா ஞாபகம் இருக்கு. ‘காது மந்தம்மா. கையில நல்லெண்ண தடவிகிட்டு எங்களுக்கெல்லாம் பலாப்பழம் அறுத்துக் குடுத்தாரு. காசு நீட்டுனா, எம் பொண்ணும் ஒன்ன மாதிரிதான் வெள்ளக் கோட்டு போட்டிருக்கும்னாரு. சோதிக்க எடுத்த சதைத்துண்டு சிதம்பரத்துக்குப் போவுதுன்னதும் மொகமே செத்துப்போச்சு. அப்பறம் வரவே இல்ல.’

அது நீங்கதானப்பா. இடுப்பு வலின்னு எழுதுனீங்க, இந்த நோயி முதுகெலும்புக்குப் பரவுனா இடுப்புதான் வலிக்கும்னு தெரிஞ்ச நானே தைலம் தேய்க்கச் சொன்னேன். அந்தச் சதைய அழகுன்னு எழுதுனேன்.

வாடகைக் காரு ஓட்டுற தேவநாதன் அண்ணன்கிட்ட இந்தக் கடுதாசியக் குடுத்தனுப்பறேன். படுக்கைக்குச் சொல்லிட்டு இங்கயே நிக்கறேன். எதுவும் பேசாம ஏறி வந்துடுங்க.

இளமதி


காடாம்புலியூர்
20.5.2024

அம்மாடி,

காரு வந்துடுச்சு. ஏறத்தான் முடியல. நேத்து காலயிலேர்ந்து ரெண்டு காலும் மரத்துப்போயி என் பேச்சக் கேக்க மாட்டேங்குது. தேவநாதன் பக்கத்துக் கொல்லையில ஆள் கூப்புடப் போயிருக்கான், தூக்கிப் படுக்க வச்சிக் கொண்டாறதுக்கு. அதுக்குள்ள எழுதுறேன்.

அங்க எல்லாருக்கும் ஒன்னத் தெரியுமே, அதான் பேர மாத்திக் குடுத்தேன். சுத்திச் சுத்தி ஒங்கண்ணுலயே வந்து உழுந்துச்சு. கட்டுரையிலேர்ந்து அந்தப் படத்த எடுத்துடாத, அது அங்கயே இருக்கட்டும்.

பலா ஒன்னு ஒனக்குன்னு மரத்துலயே உட்டு வச்சிருக்கேன். இனிமே எவனயாவதுதான் ஏறச் சொல்லணும்.

காரு அங்க நின்னதும் மொதல்ல இந்தக் கடுதாசிய ஒங்கையில குடுக்கச் சொல்லியிருக்கேன். படிச்சிட்டு அப்பறமா கதவத் தொற. ஆம்பள டாக்டரு எவரயாவது பாக்கச் சொல்லு. என் வேட்டிய வெலக்குறப்ப நீ மட்டும் அந்த ரூம்ல இருக்காத. வெளியில நில்லும்மா. முடிஞ்சதும் நானே கூப்புடுறேன்.

அப்பா
திருநாவுக்கரசு