விரலில் குத்தும் மெஷின்

ஜூலை 4, 2011, திங்கள். திண்டிவனம்.
அண்ணன் சகாய பிரவீன் சென்னையிலிருந்து சுகர் மெஷின் வாங்கிவந்தான். உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் வைத்தால் எண் காட்டுகிறது. போன பிரசவத்திலும் எனக்கு இதே கர்ப்பகாலச் சர்க்கரைதான். அப்போது யாரும் பார்க்கவில்லை. ஒன்பதாம் மாதம் வயிற்றுக்குள்ளேயே அசைவு நின்றுபோனது. இந்த முறை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "தெனம் நாலு வேளையும் பாரும்மா. அத வெச்சுதான் இன்சுலின் அளவு சொல்வேன்."

ஜூலை 9
காலையில் 92. மத்தியானம் சாப்பிட்ட பிறகு 118. பயமில்லாமல் படுத்தேன்.

ஜூலை 17, ஞாயிறு
பூசை முடிந்து வந்தால், கூடத்தில் மாமனார் பக்கத்து வீட்டுக் கோதண்டபாணியின் விரலில் குத்திக்கொண்டிருக்கிறார்! அவருக்குச் சுகரே கிடையாது. தெருவே சுற்றி நிற்கிறது. எல்லோருக்கும் ஒரே ஊசி.
"மாமா, பட்டை தீந்துடும்ங்க. ஊசியும் மாத்தணும்" என்றேன்.
"தீந்தா வாங்கிக்கினா போச்சு. எறும்பு கடிச்சா மாரிதான் கீது, இதுக்குப் போயி..."
எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் டோமினிக் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஜூலை 21
பட்டை தீர்ந்தது. இங்கே எந்த மெடிக்கலிலும் இந்த மெஷினுக்கான பட்டை இல்லை. பாண்டிச்சேரி போகவேண்டும்.
"ஞாயித்துக்கெழம போறேன். அதுக்குள்ள என்னா ஆயிடப் போவுது?" என்கிறார் டோமினிக்.
என்ன ஆகும்னு இவனுக்குத் தெரியாதா? அந்தச் சின்னப் பெட்டியக் கையில தூக்கிக்கினு கல்லறைக்குப் போனது இவன்தானே?

ஜூலை 24
போகவில்லை. நண்பன் வீட்டில் கல்யாணமாம்.

ஜூலை 26
விடிந்ததிலிருந்து தாகம், தலைசுற்றல். தனியாக ஆட்டோ பிடித்து டாக்டரம்மாவிடம் போனேன். 243. ஏன் பார்க்கவில்லை என்று கேட்டார்; மாமனார் பட்டையைத் தீர்த்த கதையைச் சொன்னேன். உடனே விழுப்புரத்தில் அட்மிட் ஆகச் சொன்னார். வீட்டுக்குப் போன் செய்தேன். மாமியார்தான் எடுத்தார். "நாங்கல்லாம் குத்திக் குத்திப் பாத்தா பெத்தோம்? நீயே பயந்து பயந்து ஏத்திக்கினு..."
வைத்துவிட்டேன். வானூரில் இருக்கும் அம்மாவைக் கூப்பிட்டேன்.

ஆகஸ்ட் 2. விழுப்புரம் ஆஸ்பத்திரி.
சுகர் இறங்கிவிட்டது. அம்மா என் கட்டிலுக்குக் கீழேயே படுத்துக்கொள்கிறாள். டோமினிக் இன்றுதான் வந்தான். வந்ததும் கேட்டது: "அப்பாவப் பத்தி டாக்டராண்ட சொல்லிட்டியாமே? மனசு ஒடஞ்சி பூட்டாரு."
"கொழந்த அசையுதான்னு கேளுங்க" என்றேன்.
கேட்டான். நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 19
ஆபரேஷன். பெண். பிறந்ததும் அவளுக்குச் சர்க்கரை இறங்கிப்போய், கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். குதிகாலில் குத்தும்போது வீறிட்டாள். போன தடவை நான் கேட்காத சத்தம். அழட்டும் — நல்லா அழட்டும்.

செப்டம்பர் 25
பாலுக்கு முட்டி முட்டி அழுகிறாள். பிழைத்துவிட்டாள்.

நவம்பர் 13, ஞாயிறு. வானூர்.
இன்று ஞானஸ்நானம். ரோஸ்லின் என்று பெயர். சாமியார் சுற்றும் முற்றும் பார்த்து, "தகப்பனார் எங்கம்மா?" என்று கேட்டார்.
"அவங்களுக்குச் சொல்லல, சாமி."
அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் குழந்தையை வாங்கிக்கொண்டு முன்னால் போனான்.
வீட்டுக்கு வந்ததும் என் சூட்கேஸைக் காலி செய்து, துணிகளை அம்மாவின் பீரோவில் அடுக்கினேன்.