தண்ணீருக்குள் இல்லாத நோ

செவ்வாய், மார்ச் 4
காற்றில்லை. கடல் தட்டையாகக் கிடக்கிறது. கருவாடு புரட்டியாயிற்று. உப்பு வாங்க வேண்டும்.

இரவெல்லாம் இவருக்குத் தோள்மூட்டிலும் முழங்காலிலும் நோ. முனகலில் எனக்கும் நித்திரை இல்லை. விடிந்ததும் நொண்டி நொண்டிப் போனார், முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக் கடலட்டை பிடிக்க. மத்தியானம் வரும்போது நடை நேர். சோறு தின்று பாயில் சரிந்தார், மறுபடி முனகல்.

கேட்டால்: "தண்ணிக்குள்ள இறங்கினா விட்டிடுமப்பா. மேல வந்தாத்தான் கரைச்சல்."

வீட்டில் மட்டும் வருகிற நோ! நான் என்ன விசரியா? கிணற்றில் தண்ணீர் அள்ளச் சொன்னதும் தோளைப் பிடிக்கிறார்.

வியாழன், மார்ச் 6
திங்கள் ஆஸ்பத்திரி. புது டொக்டருக்குச் சிங்களமும் ஆங்கிலமும்தானாம். தமிழ் தெரிந்த நேர்ஸ் லீவு. நான்தான் பேச வேண்டும்.

ரெஜினா மச்சாள் வந்தா. இவருடைய தங்கச்சி. சைப்பிரசில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியைப் பராமரிக்கிற வேலை செய்தவ. கிழவி நாள் முழுக்க நோவையே சொல்லிக்கொண்டிருப்பாளாம், அதில் பழகிய ஆங்கிலம்.

எரிவு – பேர்னிங்
குத்து – ஸ்ராபிங்
விண்விண் – த்ரொபிங்
உளைவு – ஏக்கிங்
சுள்ளென்று ஓடுவது – ஷூட்டிங். துவக்கால் சுடுகிறதற்கும் இதே சொல்தான், வேண்டாம் என்றேன். ஷூட்டிங், ஷூட்டிங் என்று அரசாங்கக் கட்டடத்துக்குள் நின்று சொல்ல நான் தயாரில்லை.

இவரைக் கேட்டுப் பார்த்தோம். எரியுதா? இல்லை. குத்துதா? இல்லை. "எலும்புக்குள்ள ஆரோ துணி பிழியிற மாதிரி." அதற்கு மச்சாளிடமே சொல் இல்லை. "டீப் ஏக்கிங் எண்டு சொல்லுங்கோ மச்சாள், போதும்." சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தா. அண்ணனும் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து நடிக்கிறார்களோ?

வெள்ளி, மார்ச் 7
பின்னேரம் கோவிலில் சிலுவைப்பாதை. பதினான்கு தலத்தில் ஒன்றிலும் இவர் முழந்தாளிடவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு வெட்கம், கோபம். ஆண்டவருக்கு முன்னாலுமா நடிப்பு?

சனி, மார்ச் 8
வெயில் கொளுத்துகிறது. கரைக்கே போனேன். கடலுக்குத்தான் போகிறாரா, வேறெங்காவதா, பார்க்க வேண்டாமா? போட் உண்மையில் கடலில். போட்டுக்குச் சொந்தக்காரர் சூசை அண்ணன் கரையில் இருந்தார். இவருடைய நோவைப் பற்றிக் கேட்டேன்.

"ஓம் தங்கச்சி, நோவெண்டா உடன திரும்ப இறங்கோணும். எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான். அதுதான் மருந்து."

அதே கதை, அதே சொல். பேசி வைத்திருக்கிறார்கள். உப்பு வாங்க மறந்துவிட்டேன்.

திங்கள், மார்ச் 10
நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

டொக்டர் இளம் பெடியன். பேர்னிங்? நோ. ஸ்ராபிங்? நோ. டீப் ஏக்கிங்? யெஸ் என்றேன். தலையாட்டி ஆட்டி எழுதினார். குளிசை, பூச்சு மருந்து, அவ்வளவுதான். தொழில் கேட்டதற்கு இவர் "ஃபிஷிங்" என்றார். சிலிண்டரைப் பற்றி மூச்சே விடவில்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இவரைக் காட்டிக்கொடுக்கத்தான் சொன்னேன்: "ஹவுஸ், பெயின். அண்டர் த சீ, நோ பெயின். ஐ நொட் பிலீவ்!"

டொக்டர் பேனையை வைத்தார். "டைவர்?"

இவர் ஓம் என்று தலையை ஆட்டினார்.

கட்டிலில் கிடத்தி, கண்ணை மூடச் சொல்லி, டொக்டர் குதிக்காலில் ஊசியால் குத்தினார். இவர் அசையவில்லை. இன்னும் அழுத்தினார். "குத்தத் தொடங்கிட்டாரா?" என்று என்னைக் கேட்கிறார் என் மனுசன்.

டொக்டர் போனில் தமிழ் தெரிந்த ஒருவரைப் பிடித்து எனக்கு விளங்கப்படுத்தினார். ஆழத்தில் இழுக்கும் காற்று இரத்தத்தில் கரைந்து, மேலே வரும்போது சோடாப் போத்தல் திறந்தது போலக் குமிழி விடுமாம். திரும்ப இறங்கினால் குமிழி சுருங்கும், நோ அடங்கும். அடுத்து ஏறும்போது இன்னும் மோசம். இனி ஒருமுறை இறங்கினாலும் கால் போய்விடலாம். காற்றழுத்த அறை இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதுவரை இங்கே வார்ட்டிலேயே இருக்கட்டும் என்றார். இவர் கேட்கவில்லை. உடுப்பு எடுக்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்துவிட்டார். காலையில் ஆஸ்பத்திரி வண்டி வீட்டுக்கே வரும்.

அதை மருந்து என்று நினைத்துத்தான் இறங்கியிருக்கிறார். சொன்னது எல்லாம் உண்மை. நான் ஒரு சொல்லும் நம்பவில்லை.

காலில் மாட்டுகிற துடுப்பையும் முகக் கண்ணாடியையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். திறப்பு என் சட்டைக்குள்.

செவ்வாய், மார்ச் 11, காலை
வானம் மப்பு. வண்டி இன்னும் வரவில்லை.

இவர் எனக்கு முன்பே எழும்பிவிட்டார். முற்றத்தில் நடந்து காட்டுகிறார். சிரிப்பு வேறு. "பார், நோவே இல்லை. நல்ல சுகம். ஏன் வீணா வண்டி? ஒருக்கா இறங்கிட்டு வந்தா முழுசாச் சரி. துடுப்பு எங்க?"

இதையும் நம்பவில்லை.

உள்ளே வந்தார். பின்னாலேயே சிமெந்தில் சிவப்புப் புள்ளி, ஒவ்வொரு அடிக்கும் ஒன்று. இருத்திக் காலைத் தூக்கிப் பார்த்தேன். உடைமுள், அடிவரை ஏறியிருக்கிறது. பிடுங்கினேன், இவருக்குத் தெரியவேயில்லை. இவர் இன்னும் துடுப்பைத்தான் கேட்கிறார்.

மச்சாள் தந்த சொற்களில் இதற்கு ஒன்றும் இல்லை.

ஹோர்ன் சத்தம். வண்டி.