ஸ்பிரிங் தூளிக்குள் ஒரு சங்கிலி

வாய் திறக்காத என்னையும் பேச வைத்த என் செல்வி அக்காவுக்கு,

தூளிக் கொக்கியின் வாய் திறந்திருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். மாமா, உன் வீட்டுக்காரர், மாட்டிக் கொடுத்த நாளில் அந்த எஸ் கொக்கியின் இடுக்கில் தீக்குச்சிகூட நுழையாது. அன்று காலை என் சுண்டுவிரல் நுழைந்தது. அதற்கு நேர் கீழே, உன் ஊதாப் புடவைக்குள், உன் பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

உனக்கு ஸ்பிரிங் தூளி தெரியாது. நீ போன பிறகு வந்தது அது. உத்திரத்து வளையத்தில் ஒரு கொக்கி, கொக்கியில் ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்குக் கீழே இன்னொரு கொக்கி, அதில் புடவை முடிச்சு. ஒரு தரம் அழுத்திவிட்டால் கொஞ்ச நேரத்துக்கு மேலும் கீழுமாகத் தானே ஆடும். பாலு பிறந்த பதினோராம் நாள் காய்ச்சலில் நீ போனாய். பன்னிரண்டாம் நாளிலிருந்து அவன் என் கையில். அம்மா களைவெட்டப் போனால்தான் அடுப்பு எரியும் என்பதால் நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். ஆட்டி ஆட்டி என் தோள் வீங்கியதைப் பார்த்துதான் மாமா திண்டிவனத்திலிருந்து ஸ்பிரிங் வாங்கி வந்தார்.

கொக்கியின் வாயைக் கல்லால் தட்டி மூடினேன். நான்கே நாளில் மறுபடியும் திறந்துகொண்டது. வேறு கொக்கி போட்டாலும் ஸ்பிரிங்கே ஒருநாள் அறுந்தால் என்ன செய்வது? ஒன்று விட்டால் இன்னொன்று பிடிக்க வேண்டும். ஸ்பிரிங்குக்கு நடுவில் ஒரு சங்கிலியை விடலாம் என்று தோன்றியது. இரண்டு கொக்கிகளையும் நம்பாமல், மேல் வளையத்திலிருந்து நேராகப் புடவை முடிச்சுக்கு. ஆனால் அது சும்மா தொங்க வேண்டும். குட்டையாக இருந்தால் ஸ்பிரிங் ஆடாது, பிள்ளை தூங்கமாட்டான். நீளமாக இருந்தால் பிள்ளை தரையில் மோதிய பிறகுதான் பிடிக்கும். நான்கு விரல் தொய்வு போதும் என்று முடிவு செய்தேன்.

விழுப்புரத்தில் ஒரு இரும்புக்கடைக்குப் போய் நாய்ச் சங்கிலி கேட்டேன். அதன் நுனியிலுள்ள கொக்கிக்குள் சின்னதாக ஒரு ஸ்பிரிங் இருக்கும். கட்டைவிரலால் இழுத்தால் திறக்கும், விட்டால் தானாக மூடிக்கொள்ளும். பாரம் இழுத்தாலும் வாய் பிளக்காது.

"நாயி எம்மாம் பெருசும்மா?" என்றார் கடைக்காரர்.

"ஒம்போது கிலோ."

"கடிக்குமா?"

"பல்லு இப்பத்தாங்க மொளைக்குது."

"அட, குட்டியா? அப்ப மெல்லிசே போதும், எடுத்துக்கினு போ."

"இல்லீங்க, தடியாவே குடுங்க. தொங்கினா தாங்கணும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீ பக்கத்தில் நின்றிருந்தால் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்திருப்பாய். நான் காசைக் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

சங்கிலியை மாட்டினேன். பிடிக்குமா என்று பார்க்க வேண்டுமே. ஆளில்லாத தூளியை ஆட்டக் கூடாது என்று அம்மா நம் இருவரையும் எத்தனை முறை அதட்டியிருக்கிறாள்! அதனால் ஒன்பது கிலோ அரிசியைப் பையில் கட்டிப் படுக்க வைத்தேன். பாலு பாயில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். முக்காலியில் ஏறி ஸ்பிரிங்கைக் கொக்கியிலிருந்து தள்ளிவிட்டேன். பை சடக்கென்று இறங்கியது. நான்கு விரல், அவ்வளவுதான். சங்கிலி பிடித்துக்கொண்டது. பாலு கை தட்டினான்.

திரும்பினால் வாசலில் உன் மாமியார் நிற்கிறார். பேரனைப் பார்க்க வந்தவர்.

"இன்னாடி பண்ணிக்கினு கீற? தாயில்லாத புள்ள படுக்குற தூளிய அறுத்து வுட்டு வேடிக்க பாக்குறியா?"

சங்கிலியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது இன்னாது, நாயிக்குப் போடுறதா? எம் பேரனுக்கா?"

அம்மா வயலில் இருந்தாள். 'விழுந்தா புடிக்கும் அத்தை' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மூன்றே சொல். அதை விட்டுவிட்டு அரிசிப் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். என்னை ஏன் இப்படிப் படைத்தார்கள், அக்கா? அன்று சாயங்காலமே பாலுவையும் ஸ்பிரிங்கையும் உன் புடவையையும் எடுத்துக்கொண்டு அத்தை பஸ் ஏறிவிட்டார். அந்தக் கொக்கியும் அவற்றோடு போனது. சங்கிலியை மட்டும் தூக்கி எறிந்துவிட்டுப் போனார்.

நம் கோலியனூரில் இப்போது பஞ்சாயத்து ஆபீஸில் டிவி வைத்திருக்கிறார்கள். பொழுது சாய்ந்தால் தெருவே அங்கேதான். "நாலு பேருகூட குந்திக்கினு பாத்துட்டு வாயேன்டி" என்று அம்மா தினமும் சொல்கிறாள். நான் போகவில்லை. பகலில் அவன் அழுவது போலக் கேட்டு இரண்டு முறை எழுந்து ஓடியிருக்கிறேன். கழுவ வேண்டிய பால்டம்ளர் இல்லை. உலர்த்த வேண்டிய துணி இல்லை. வெறும் வளையம்தான் உத்திரத்தில் இருக்கிறது. உனக்குக் காய்ச்சல் ஏறிய அன்று வண்டி கிடைக்கவில்லை, நர்ஸும் ஊரில் இல்லை. நான்கு விரல் கீழே உன்னைப் பிடிக்க ஒன்றுமே இல்லாமல் போனதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

அவனைக் கொண்டுபோன இருபத்திரண்டாம் நாள் நான் தனியாகத் திண்டிவனம் போனேன். விக்கிரவாண்டியில் பஸ் நின்றபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பையில் சங்கிலி இருந்தது. சத்தம் வராமலிருக்க அதைப் பழைய சைக்கிள் டியூபுக்குள் நுழைத்திருந்தேன். அதற்கு மேலே, ஸ்பிரிங்கை மூடப் பூப்போட்ட துணியில் தைத்த ஓர் உறை.

"வாடி. இன்னா, சொல்லாம கொள்ளாம?" என்றார் அத்தை. பாலு என்னைப் பார்த்துவிட்டு அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நான் அண்ணாந்து தூளிக் கொக்கியைப் பார்த்தேன். இப்போது பெருவிரலே நுழையும்.

"உறை தெச்சுக்கினு வந்தேன் அத்தை. ஸ்பிரிங்குல கை மாட்டிக்கும்."

"இத்தினி வார்த்த பேசுவியா நீ?" என்று சிரித்துவிட்டார். "மாட்டு, மாட்டு. நேத்துகூட வெரல நசுக்கிக்கினு கத்துனான். ஒரே பேஜாரு."

அவர் கெட்டவர் இல்லை, அக்கா. அபசகுனத்துக்குப் பயப்படுகிறார். உன்னைப் பறிகொடுத்ததிலிருந்து அந்தப் பயம்.

அவர் பாலுவுக்குக் கேப்பைக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பின்கட்டுக்குக் கொண்டு போனேன். கொக்கியை அம்மிமேல் வைத்துத் தட்டி வாயை மூடினேன். சங்கிலியை உள்ளே விட்டு, உறையை இழுத்து, மறுபடி மாட்டினேன். அத்தை வந்து தொட்டுப் பார்த்தார்.

"இன்னாடி, கனமா கீது?"

"துணி ரெண்டு மடிப்பு அத்தை."

பொய்தான். உன்னிடம் மட்டும் சொல்லிவிட்டேன்.

பாலுவின் எடை ஏற ஏற ஸ்பிரிங் இன்னும் கீழே இறங்கும். அப்போது தொய்வு குறைந்து சங்கிலி இறுகும், தூளி ஆடாமல் நின்றுவிடும். அதனால் மாதம் ஒரு கண்ணி தளர்த்திவிட வேண்டும். அதற்கு நான்தான் போக வேண்டும். உறையைத் துவைத்துப் போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டாவது போவேன். அவன் தூளியில் படுக்கிற காலம் வரைக்கும் ஒரு மாதம்கூடத் தவற மாட்டேன், அக்கா. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அன்று அரிசிப் பை வைத்துப் பார்க்க முடியவில்லை. அத்தை பாலுவைத் தூளியில் போட்டார். நான் அழுத்திவிட்டு, மறு கையை அவன் முதுகுக்குக் கீழே, படாமல் வைத்துக்கொண்டே நின்றேன். அவன் உறைப் பூக்களைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கண்கள் சொருகின.

கையை எடுத்துவிட்டேன்.

உன் தங்கை,
பாலுவின் சித்தி,
வசந்தி