களவாண்டு வைத்த பன்னீர் ரோஜா

மாப்ள,

இன்று காலை நடைக்குப் போகும்போது உன் வீட்டு காம்பவுண்டைத் தாண்டியதும் பன்னீர் ரோஜா மணத்தது. எனக்கு வயிறு எரிந்தது. அது என் ரோஜா. என் வீட்டுச் செடியிலிருந்து நீ ஒடித்துக்கொண்டு போய் வைத்தது. நீ போய் மூன்று மாதமாகிறது, பங்குனி வெயில் கே.கே. நகரைப் போட்டு வறுக்கிறது, அதுபாட்டுக்குக் கொத்துக் கொத்தாகப் பூத்துக்கொண்டு நிற்கிறது.

என் தோட்டம் எப்படி இருக்கிறது என்று நீ கேட்கமாட்டாய். நானே சொல்லித் தொலைக்கிறேன். பச்சை வலை கட்டினேன். வேப்பம் புண்ணாக்கு, மண்புழு உரம் எல்லாம் அளந்து போட்டு, போட்ட நாளை நோட்டில் எழுதி வைத்தேன். தக்காளி பூவையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கிறது. கத்தரியில் மாவுப்பூச்சி. புடலையில் பூப்பதெல்லாம் ஆண் பூ. செண்டுப்பூ ஓரமெல்லாம் கருகிப்போச்சு. வெண்டை மட்டும் ஏதோ என் மானத்தைக் காப்பாற்றுகிறது. உன் வீட்டில் என்னடாவென்றால், அடுப்படியிலிருந்து வீசிய விதையில் முளைத்த சுரை, கேபிள் ஒயரைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு பால்கனிவரை போய்விட்டது. இது எந்த ஊர் நியாயம்?

உனக்கு ஒரே ஒரு உரம்தான் தெரியும். திருட்டு. பல் டாக்டரிடம் டோக்கன் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் வாசல் குரோட்டன்ஸை ஒடித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாய். கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து கை கழுவப் போனவன், வேட்டி மடிப்பில் செம்பருத்திக் குச்சியோடு திரும்பினாய். காவலாளி பார்க்கிறான், எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது, நீயோ அவனிடமே தீப்பெட்டி கேட்டாய். திட்டினால் சிரிப்பாய். "கேட்டு வாங்கி வெச்சா பிடிக்காது மாப்ள. களவாண்டு வெச்சாத்தான் பிடிக்கும்."

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன். எது யாருடையது என்று எழுதி வைப்பதே என் பிழைப்பு. என்னிடம் போய் இந்த வியாக்கியானம்!

போன புரட்டாசியில் உன் வீட்டுக்கு வந்தபோது துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அந்த ரோஜாவைப் பார்த்தேன். இருபது வருஷமாக நான் வளர்த்த செடியை எனக்குத் தெரியாதா? உன் மருமகன் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, ஒரு வார்த்தை கேட்டா குடுத்திருக்க மாட்டேனா?" என்றேன்.

"கேட்டா குடுத்துருவ. அதுக்குத்தான் கேக்கல" என்று சிரித்தாய்.

அந்தச் சிரிப்புதான் எனக்குச் சுரீரென்று ஏறியது. "திருட்டுப் பய" என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை, தெருவே கேட்கும்படி கத்தினேன். மருமகன் டம்ளரைக் கீழே வைத்தார். உன் முகம் சுண்டிப்போனது.

அதன் பிறகு நான் நடைபோகும் தெருவை மாற்றினேன். நீயும் மாற்றினாய். தை மாதத்தில் ஒருநாள் மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்றார்கள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மாலை வாங்கிக்கொண்டு உன் வாசலில் வந்து நின்றேன். சண்டைக்குப் பிறகு உன் வீட்டுப் படியேறிய முதல் நாள் அது.

இந்தக் கூத்தையும் கேள். மாசியில் மகளைப் பார்க்கக் கோயம்புத்தூர் போனேன். சொட்டுநீர்க் குழாய், தானாகத் திறக்கும் டைமர் எல்லாம் மாட்டிவிட்டுத்தான் போனேன். கரண்டு போய் வந்ததில் டைமர் நின்றுவிட்டது. பத்து நாள் கழித்து வந்தால் என் பன்னீர் ரோஜா தூரோடு காய்ந்து விறகாக நிற்கிறது. ஊரிலேயே அந்தச் செடி மிச்சமிருந்தது உன் வீட்டில் மட்டும்தான்.

வெட்கத்தை விட்டு உன் வீட்டுக்காரம்மாவிடம், அதுதான் நம் தங்கச்சியிடம், போய்க் கேட்டேன். "இதுக்குப் போயி கேக்கணுமாண்ணே? எம்புட்டு வேணும்னாலும் வெட்டிக்கங்க" என்றது. மூன்று குச்சி வெட்டி, சோற்றுக் கற்றாழைச் சாறு தடவி, முறைப்படி நட்டேன். மூன்றும் காய்ந்தன. இன்னும் மூன்று. அவையும் போயின. மறுபடி போய் நின்றபோது தங்கச்சி சொன்னது: "சித்திரையில நான் திருநெல்வேலிக்கு மக வீட்டுக்குப் போறேண்ணே. வீட்ட வித்தாச்சு. வாங்குனவக இந்த எடமெல்லாம் சிமெண்டு போடப் போறாகளாம்." செடியின் தூரில் கிடந்த சருகைப் பொறுக்கி எறிந்தது. பிறகு, "இதுக்கு அவுக வெச்ச பேரு என்னன்னு தெரியுமா? சபாபதி" என்றது.

என் பெயர்.

"நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்தீகள்ல, அம்புட்டு நாளும் காலையில தண்ணி ஊத்தும்போது இதுகூடத்தான் சண்டை. 'ஏய் சபாபதி, இம்புட்டு வீம்பு ஆகாதுய்யா ஒனக்கு'ன்னு."

அன்று குச்சி வெட்டாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் உன் பக்கவாட்டுச் சுவரை ஏறிக் குதித்தேன். அறுபத்துமூன்று வயதில். முழங்காலில் நல்ல அடி. எனக்குப் பைத்தியம் பிடித்ததென்று நினைத்தாலும் சரி. செடிக்குள் கையை விட்டு ஒரு கொப்பை ஒடித்த நேரத்தில் வாசல் கதவு திறந்தது. கோலம் போடத் தங்கச்சி வந்து நின்றது. ஒரு கையில் துடைப்பம், ஒரு கையில் தண்ணீர் வாளி. நேருக்கு நேர் பார்த்தது. எனக்குக் காது இரண்டும் சுட்டது.

"ஐயோ, வாளிய மறந்துட்டேனே" என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிவிட்டு, கையில் வாளியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

அது நடந்து மூன்று வாரமாகிறது. கொண்டுவந்து நட்டதோடு சரி, கற்றாழையும் தடவவில்லை, நோட்டிலும் எழுதவில்லை. நேற்று சிவப்பாக இரண்டு துளிர் விட்டிருக்கிறது. பிடித்துக்கொண்டது மாப்ள. உன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வருகிறது.

உன் மருமகனுக்கும் போன் போட்டேன். "அன்னைக்கு ஒங்க மாமாவ நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது தம்பி" என்றேன். "அத மாமா அப்பவே மறந்துட்டாரு சார்" என்றார். நல்ல பிள்ளை, என் மனசுக்காகச் சொன்ன பொய். அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு நாலு மாசம் இருந்தது. நீ ஐந்து வீடு தள்ளித்தான் இருந்தாய்.